ஏரிக்கரையில் தண்டு வலித்தவர்கள்

இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தாவுக்கு உத்தியோகம் தேடி வந்த தமிழர் பலர், முதல் வாடகை வீட்டை லேக் மார்க்கெட்டுப் பகுதியிலேயே எடுத்தார்கள். காப்பிக்கொட்டையும் வாழையிலையும் தமிழ்ப் பேச்சும் அங்கே கிடைத்தன. ஊரைப் பிரிந்த துயரம் சற்றே தணிந்தது. அந்த மார்க்கெட்டின் பெயரில் உள்ள ‘லேக்’ எது என்பதை நம்மில் எத்தனை பேர் விசாரித்திருப்போம்? தெற்கே சிறிது தூரத்தில் இருக்கும் டாகூரியா ஏரிதான் அது. 1958-ஆம் ஆண்டு முதல் ரவீந்திர சரோவரம் என்று பெயர் பெற்றிருக்கிறது. விடியற்காலையில் அங்கே சென்றால், மூங்கில் இலைபோல் மெலிந்து நீண்ட படகுகள் நீரைக் கிழித்துச் செல்வதைக் காணலாம். நால்வரோ எண்மரோ, போகும் திசைக்கு முதுகைக் காட்டி அமர்ந்து துடுப்பு வலிப்பார்கள். முன்னே பார்ப்பவர் சுக்கான் பிடிப்பவர் ஒருவர்தாம். மற்றவர்கள் அவர் குரலை நம்பியே வலிக்க வேண்டும்.

இந்த விளையாட்டு ஏரிக்கு வருமுன் ஹூக்ளி நதியில் நடந்தது. கம்பெனி ஆட்சி நீங்கி அரசியின் ஆட்சி வந்த 1858-இலேயே கல்கத்தா ரோயிங் கிளப் தோன்றிவிட்டது. சென்னையில் அடையாற்றங்கரையில் மெட்ராஸ் போட் கிளப் ஏற்பட்டதோ 1867-இல். ஆனால் ஹூக்ளி பந்தயப் படகுக்கு ஏற்ற நதியன்று. கடலின் ஓதம் நதிமுகத்தில் புகுந்து, சில நாட்களில் சுவர்போல் எழுந்து மேலேறி வரும். வங்காளியர் அதைப் ‘பான்’ என்பர். பெரிய சரக்குப் படகுகளையே நங்கூரம் அறுத்துப் புரட்டக்கூடிய அந்த அலைக்கு முன்னால், இரண்டடி அகலப் படகு எம்மாத்திரம்?

ஏரி படகுக்காகத் தோண்டப்படவில்லை என்பதே இதில் வேடிக்கை. நகர அபிவிருத்திக்கென ஏற்பட்ட கல்கத்தா இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட், 1920-களின் தொடக்கத்தில் அங்கிருந்த சதுப்புக் காட்டில் சுமார் 192 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தியது. சாலைகள் போட வேண்டும், அண்டையிலிருந்த தாழ்ந்த நிலங்களை மேடாக்க வேண்டும். மண் எடுத்த பள்ளம் ஏரியாயிற்று. தோண்டும்போது பழைய பீரங்கிகள் சில அகப்பட்டன; சிராஜுத் தௌலா காலத்தவை என்று சொல்வது வழக்கம். முன்பே இருந்த ஒரு மசூதியைத் தொடாமல் விட்டு, அதைச் சுற்றித் தீவாக்கி, 1926-இல் ஒரு தொங்குபாலமும் அமைத்தார்கள். ஏரியின் கதையில் நமக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

அலையற்ற நீர் கிடைத்ததும் கழகங்கள் கரையில் வந்து சேர்ந்தன. கல்கத்தா ரோயிங் கிளப் அந்நாளில் ஐரோப்பியரின் கழகமாகவே இருந்தது. ஆகவே இந்தியர் சிலர் கூடி, 1932-இல் தங்களுக்கென லேக் கிளப்பை நிறுவினார்கள். சட்டமறுப்பு இயக்கம் நாடெங்கும் நடந்துகொண்டிருந்த காலம் அது. சிறை செல்வதற்குச் சமமான வீரம் என்று இதைச் சொல்லமாட்டோம். ஆயினும் நம்மூர் நீரில் நாமும் இறங்குவோம் என்பது சிறிய பேச்சன்று. அடுத்த ஆண்டே, 1933-இல், கிழக்குலகின் அமெச்சூர் துடுப்புச் சங்கம் உருவாகி, கல்கத்தா, சென்னை, கொழும்பு முதலிய நகரங்களின் படகுகளை ஒரே பந்தயத்தில் சேர்த்தது. பின்னர் யுத்தம் வந்தது, ஏரிக்கரையில் ராணுவ முகாம்கள் எழுந்தன. யுத்தம் முடிந்தபின் படகுகள் திரும்பின.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு சிறு சந்தோஷம். தமிழில் துடுப்புக்குத் ‘தண்டு’ என்றும், படகு செலுத்துதலுக்குத் ‘தண்டு வலித்தல்’ என்றும் பழைய வழக்கு உண்டு. வங்காளியர் துடுப்பைத் ‘தாட்’ என்று மூக்கொலி சேர்த்துச் சொல்கிறார்கள். ‘தண்டம்’ என்னும் வடசொல்லின் வழி வந்தது அது. கரையில் நின்று அந்தச் சொல்லைக் கேட்கையில் அந்நியமாகத் தோன்றுவதில்லை.

காலப்போக்கில் அந்தப் படகுகளில் பள்ளிப் பிள்ளைகளும் அமர்ந்தனர். பள்ளிகளுக்கிடையே பந்தயங்கள் நடந்தன. அத்தகைய பந்தயம் ஒன்றுக்கான பயிற்சியின்போதுதான் 2022 மே 21-ஆம் நாள் அந்தக் கொடுமை நிகழ்ந்தது. சித்திரை, வைகாசியில் வடமேற்கிலிருந்து திடீரென வீசும் ‘கால் பைசாகி’ப் புயல் அன்று மாலை ஏரியைப் புரட்டியது. படகொன்று கவிழ்ந்தது. பதினான்கே வயதான மாணவர் இருவர் மூழ்கி இறந்தனர். எஞ்சின் படகு நீரை மாசுபடுத்தும் என்ற தடையால், விரைந்து செல்லும் மீட்புப் படகு அங்கே இல்லாமற் போயிற்று என்று பேசப்பட்டது. ஏரியைக் காக்க வேண்டும் என்பது நியாயம். பிள்ளையைக் காக்க வேண்டும் என்பது அதற்கு முந்திய நியாயம். துடுப்புப் பயிற்சி நிறுத்தப்பட்டு, பாதுகாப்பு விதிகள் வகுக்கப்பட்ட பின்பே மீண்டும் தொடங்கியது.

நம்மவர் வீடுகளில் ‘தண்ணீரில் கண்டம்’ என்று சொல்லிப் பிள்ளையைக் குளத்தங்கரைக்கும் அனுப்பாத தாய்மார் உண்டு. அந்த அச்சத்தை இனி நாம் எள்ளி நகையாட மாட்டோம். ஆனால் பிள்ளை படகேற ஆசைப்பட்டால், வேண்டாம் என்பதற்கு முன் ஏரிக்கரைக்கு ஒருமுறை நடந்து சென்று, நீந்தத் தெரியாதவனைப் படகில் ஏற்றுவீர்களா, மீட்புப் படகு எங்கே நிற்கிறது, மேகம் கறுத்தால் கரைக்கு அழைப்பவர் யார் என்று கேட்டு வரலாம். வீட்டிலிருந்து அதிக தூரமும் இல்லை.