ஹார்ஸ்லி மலைக்கு வராத கோல்ஃப்

விளையாடுவதற்கென்று மலையேறுவோர் எந்தத் திடலைத் தேர்ந்தெடுக்கின்றனர் என்னும் கேள்விக்கு நிலவமைப்பு மட்டும் விடையளிப்பதில்லை. மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ஹார்ஸ்லி மலை இதற்குச் சான்று. மதனப்பள்ளி 1911இல்தான் சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. அதற்கு முன், 19ஆம் நூற்றாண்டில், கடப்பை ஆட்சியர் டபிள்யூ. டி. ஹார்ஸ்லி அம்மலையில் கோடை இல்லம் கட்டினார். ஏனுகு மல்லம்மா கொண்டா என்னும் பழைய பெயர் அவர் பெயருக்குள் மறைந்தது. 1863இல் மதுரை ஆட்சியர் லெவிஞ்ச் கொடைக்கானலில் ஏரி அமைத்தார். இருவரும் ஆட்சியர்கள், இருவரையும் மலைக்கு விரட்டியது வெயிலே. ஆயினும் 1895இல் கோல்ஃப் கழகம் தோன்றியது கொடைக்கானலில்.

உயரத்தைக் காரணமாகச் சொல்லலாம்: கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர், ஹார்ஸ்லி மலை ஏறத்தாழ 1,265 மீட்டர். பயண வசதியைச் சொல்ல இயலாது. மோட்டார் சாலைக்கு முந்திய அந்நாளில் கொடைக்கானலுக்குக் குதிரையிலும், கூலியாட்களின் தோள்மேல் சென்ற டோலியிலும்தான் ஏறினர். வேறுபாடு மனிதரில் இருந்தது. 1845 முதலே அமெரிக்க மதுரை மிஷன் குடும்பங்கள் கோடைதோறும் அங்குத் தங்கின. பின்னர் அதிகாரிகளும் சேர்ந்தனர். கோல்ஃப் திடலுக்குச் சந்தா கட்டும் கூட்டம் வேண்டும், புல்லைப் பேணும் கூலியாட்கள் வேண்டும். ஓர் ஆட்சியரின் தனி விருப்பம் அதற்குப் போதாது.

1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் அமைத்த முதல் நிலையான வட்டு கோல்ஃப் திடலோ பொதுப் பூங்காவிலேயே எழுந்தது. அவ்விளையாட்டுக்குச் சீராக வெட்டிய புல்தரை தேவையில்லை. மரமும் சரிவும் போதும். அவை ஹார்ஸ்லி மலையில் அன்றும் இருந்தன.