கேரவனுக்குப் பின்னால் காரைக் கட்டி இழுத்துட்டுப் போகலாமா? குற்றால சீசனுக்குக் கிளம்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் பக்கத்தில் இருக்கும் சுந்தரபாண்டியபுரத்துக்கும் கூட்டம் வந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் பூக்கும் சூரியகாந்தி வயல், 1992-ல் வந்த 'ரோஜா' படத்தில் பார்த்த ஊர், 'அந்நியன்' பாறை... இதையெல்லாம் பார்க்க மதுரை, நெல்லையில் இருந்து மட்டுமல்ல, செங்கோட்டை மலைப்பாதை வழியாகக் கேரளாவில் இருந்தும் வண்டிகள் வருகின்றன.

இப்போது படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் கேரவன்களும் சாலைகளில் தென்பட ஆரம்பித்துவிட்டன. 2021-ல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவை அறிவித்த பிறகு இதில் ஆர்வம் கூடியிருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல். வேன், பஸ் அளவு வண்டியைக் குற்றாலத்தில் நிறுத்தலாம். அதையே எடுத்துக்கொண்டு சுந்தரபாண்டியபுரம் தெருவுக்குள்ளோ, வயல் ஓரப் பாதைக்கோ போனால் திருப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அமெரிக்க யூடியூப் வீடியோக்களில் இதற்கு ஒரு வழி காட்டுவார்கள். கேரவனுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கார். கேரவனை முகாமில் நிறுத்திவிட்டு, காரைக் கழற்றிக்கொண்டு ஊர் சுற்றப் போவார்கள். நாமும் அதையே செய்தால் என்ன?

நம்ம ஊர் சட்டப்படி, நன்றாக ஓடுகிற காரை அப்படி இழுத்துக்கொண்டு வர முடியாது. பழுதாகி நின்ற காரை இழுக்கலாம், அதுவும் சில நிபந்தனைகளோடு. கேரவன் வாங்கவே போவதில்லை என்பவர்களுக்கும் இந்த இரண்டாவது விஷயம் என்றைக்காவது ஒரு நாள் தேவைப்படும்.

அமெரிக்காவில் எப்படி இழுக்கிறார்கள்?

கயிறு கட்டி அல்ல. காரின் சேஸிஸோடு ஒரு இரும்புத் தகட்டை நிரந்தரமாகப் பொருத்தி, அதில் இருந்து கேரவனுக்கு இரும்புத் தண்டு மாட்டுகிறார்கள். காரின் நான்கு சக்கரமும் தரையில் உருளும். கேரவனில் பிரேக் அழுத்தினால் பின்னால் வரும் காரிலும் பிரேக் பிடிக்கத் தனியாக ஒரு கருவி இருக்கும். சின்ன ஹேட்ச்பேக் காரே ஏறக்குறைய ஒரு டன். அந்த எடை பின்னால் இருந்து தள்ளினால் கேரவனின் பிரேக் மட்டும் தாங்காது.

எல்லா காரும் இதற்குப் பொருந்தாது. ஜீப் ரேங்லரை அங்கே பலரும் தேர்ந்தெடுக்கக் காரணம், அதன் டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் போட்டால் சக்கரத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் தொடர்பே அறுந்துவிடும் என்பதுதான்.

வீடியோவில் பெரும்பாலும் காட்டாத ஒன்று: இப்படி மாட்டிய பிறகு ரிவர்ஸ் எடுக்க முடியாது. தவறான சந்தில் நுழைந்துவிட்டால் இறங்கிக் காரைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

நம்ம சட்டம் என்ன சொல்கிறது?

1989-ம் ஆண்டு சாலை விதிமுறைகளில் இது தெளிவாக இருக்கிறது. பழுதான வண்டி, முழுதாகப் பூட்டி முடிக்காத வண்டி, பதிவு செய்த டிரெய்லர், சைடு கார். இவை தவிர வேறு எதையும் மோட்டார் வாகனம் இழுத்துச் செல்லக் கூடாது. பழுதான வண்டியையும் பக்கத்தில் இருக்கும் ஒர்க்‌ஷாப் அல்லது பெட்ரோல் பங்க் வரைதான். ஊர் விட்டு ஊர் இழுத்துட்டுப் போறதுக்கு அனுமதி கிடையாது. 2017-ல் புதிய ஓட்டுநர் விதிமுறைகள் வந்தபோதும் இந்த அடிப்படை மாறவில்லை.

இழுக்கும்போது பின்னால் இருக்கும் காரில், அந்த வண்டியை ஓட்ட லைசென்ஸ் உள்ள ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்க வேண்டும். அல்லது முன் சக்கரங்களைக் கிரேன் போன்ற கருவியால் தரையில் படாமல் தூக்கியிருக்க வேண்டும். இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. நடுவில் இருக்கும் கயிறோ சங்கிலியோ மற்றவர்கள் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும். பின் வண்டியின் பின்புறம் வெள்ளைப் பின்னணியில், குறைந்தது 75 மி.மீ. உயரக் கறுப்பு எழுத்தில் 'ஆன் டோ' என்று ஆங்கிலத்தில் எழுதி வைக்க வேண்டும். வேகம், 1989 விதிப்படி, மணிக்கு 24 கி.மீ. தாண்டக் கூடாது.

இதில் பலரும் அலட்சியம் செய்வது கயிறு கண்ணில் தெரிய வேண்டும் என்ற விதியைத்தான். இரண்டு வண்டிக்கு நடுவே இடம் இருக்கிறதே என்று பைக்கில் குறுக்கே நுழைபவருக்கு, சாயங்கால வெளிச்சத்தில் மெல்லிய கயிறு தெரியவே தெரியாது. கயிற்றின் நடுவில் ஒரு சிவப்புத் துணியைக் கட்ட ஒரு நிமிஷம்கூட ஆகாது.

அப்போ டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தால்?

அதற்கு வழி உண்டு. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். ஆர்.டி.ஓ.வில் பதிவு வேண்டும், நம்பர் பிளேட் வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும். பட்டறையில் அடித்து மாட்டிக்கொண்டு வரும் டிரெய்லர் செல்லாது. கேரவனின் எடை 7,500 கிலோவைத் தாண்டினால் சாதாரண கார் லைசென்ஸும் போதாது. இவ்வளவுக்கும் பதிலாக, குடும்பத்தில் ஒருவர் காரைத் தனியாக ஓட்டி வருவதோ, தென்காசியில் இறங்கி வாடகைக் கார் பிடிப்பதோ சுலபம் என்பது நம்ம கருத்து.

மலைப்பாதையில் கார் நின்றுவிட்டால்?

கேரளாவில் இருந்து ஆரியங்காவு, கோட்டைவாசல் தாண்டி புளியரைக்கு இறங்குகிறீர்கள். எஸ் வளைவு பக்கத்தில் கார் நின்றுவிட்டது. முன்னும் பின்னும் லாரிகள். யாரோ ஒரு நல்ல மனிதர், "கயிறு இருக்கு, கட்டி இழுத்துடலாம் அண்ணே" என்கிறார். அவசரப்படாதீங்க.

கயிறு இழுக்கத்தான் செய்யும், தடுக்காது. ஏற்றத்தில் சமாளிக்கலாம். இறக்கத்தில் பின் கார் தானாகவே உருண்டு முன் வண்டியில் மோதப் பார்க்கும். அந்த நேரத்தில் உங்கள் பிரேக்கும் வழக்கம்போல் வேலை செய்யாது. இன்ஜின் ஓடாதபோது, பிரேக்குக்கு உதவும் வேக்கம் பூஸ்டர் இரண்டு மூன்று முறை மிதித்ததும் தீர்ந்துவிடும். அப்புறம் பெடல் கல் மாதிரி இறுகும். முழு பலத்தோடு மிதித்தால்தான் பிடிக்கும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துப்போகும். சாவியை உருவிவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், வளைவில் திருப்பவே முடியாது. அதனால் இறக்கத்தில் கயிறு வேண்டவே வேண்டாம். காரை முழுசாக மேலே ஏற்றிக்கொள்ளும் பிளாட்பெட் ரெக்கவரி வண்டி வரும் வரை காத்திருப்பதுதான் சரி. காரோடு கொடுத்த சிவப்பு முக்கோணத்தை வளைவுக்கு முன்பே, வருகிறவர்கள் கண்ணில் படும்படி வையுங்கள். ஹசார்ட் லைட் எரியட்டும். ஆட்கள் காருக்குள் உட்கார வேண்டாம்.

சமதளத்தில், உதாரணத்துக்கு குற்றாலத்தில் இருந்து 5 கி.மீ. தொலைவில் இருக்கும் தென்காசிக்கு என்றால், மேனுவல் கியர் காரை நியூட்ரலில் போட்டு மெதுவாக இழுக்கலாம். ஆட்டோமேட்டிக் காரில் அந்தத் தைரியம் வேண்டாம். அந்த கியர்பாக்ஸுக்குள் ஆயில் அனுப்பும் பம்ப், இன்ஜின் ஓடினால்தான் சுழலும். இன்ஜின் நின்று சக்கரம் மட்டும் உருண்டால் உள்ளே பாகங்கள் ஆயில் இல்லாமல் உரசும். சின்ன ரிப்பேருக்கு இழுத்த வண்டி கியர்பாக்ஸ் செலவோடு வந்து நிற்கும். முன்சக்கர டிரைவ் காராக இருந்தால் முன் சக்கரங்களைத் தூக்கி இழுக்கலாம். நான்கு சக்கர டிரைவுக்கும் எலெக்ட்ரிக் காருக்கும் பிளாட்பெட்தான். எலெக்ட்ரிக் காரில் சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சேர்ந்து சுழன்று மின்சாரம் உற்பத்தி செய்யும், அது உள்ளே இருக்கும் பாகங்களைக் கெடுத்துவிடலாம்.

கயிறை எங்கே கட்டுவது? பம்பரில் அல்ல, அது பிளாஸ்டிக். பல கார்களில் ஸ்டெப்னி பக்கத்தில் டூல்ஸோடு ஒரு இரும்பு வளையம் இருக்கும். பம்பரில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்து, அந்த வளையத்தை உள்ளே முழுசாகத் திருகி இறுக்கிவிட்டு அதில் மாட்ட வேண்டும். கார் வாங்கி பல வருஷம் ஆகியும் இதைப் பார்க்காதவர்கள் நிறைய பேர். இன்றைக்கே ஒருமுறை டிக்கியைத் திறந்து, இருக்கிறதா என்று பாருங்கள்.

இழுக்கும் செலவு யார் தலையில்?

வழக்கமான தனிநபர் கார் பேக்கேஜ் பாலிசியில், விபத்தில் சேதமான காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக 1,500 ரூபாய் வரை தருவார்கள். விபத்து இல்லாமல் சும்மா பழுதாகி நின்றால் அது வராது. அதற்கு 'ரோட்சைடு அசிஸ்டன்ஸ்' என்ற கூடுதல் கவரை எடுத்திருக்க வேண்டும். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு எதுவும் கிடைக்காது. தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033, அவசர உதவிக்கு 112. இந்த இரண்டு எண்களையும் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

வயல் ஓரத்தில் நிறுத்திவிட்டுப் போனால்?

மோட்டார் வாகனச் சட்டம் 127-வது பிரிவின்படி, நிறுத்தக் கூடாத இடத்தில் நின்ற வண்டியையும், பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடக்கும் வண்டியையும் சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி இழுத்துச் செல்லச் சொல்லலாம். போக்குவரத்துக்கு ஆபத்தாக நின்றால் உடனே எடுக்கலாம். அபராதத்தோடு, இழுத்துச் சென்ற செலவையும் வண்டியின் சொந்தக்காரர்தான் கட்ட வேண்டும். பூ வயலைப் பார்த்ததும் வளைவிலேயே காரை ஓரங்கட்டிவிட்டு செல்ஃபிக்கு இறங்குபவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.