அலை

'அலை' வினையாக நின்றால் ஓரிடத்தில் தங்காமல் திரிவது. பெயராக நின்றால் நீர்மேல் எழுந்து நகர்வது. பழைய நூல்களில் இதே பொருளுக்குத் 'திரை' உண்டு. இயற்பியல் பாடநூல் இதனருகே 'அலைவு' என்றொரு சொல்லையும் வைக்கிறது: ஊசல்போல நின்ற இடத்திலேயே ஆடுவது. ஏலகிரி புங்கனூர் ஏரியில் படகு போனபின் மிதக்கும் சருகு மேலும் கீழும் ஆடும், அது அலைவு. சருகைக் கடந்து போகும் மேடுதான் அலை.

ஒரு சார்பு 'முன்னேறும் அலை' என்று பெயரெடுக்க, அதில் இடமும் நேரமும் வந்தால் மட்டும் போதாது. இடத்திலிருந்து வேகம் பெருக்கல் நேரத்தைக் கழித்த ஒரே கோவையாக அவை சேர்ந்து வரவேண்டும், எதிர்த்திசைக்குக் கூட்டல். அதிரும் நாணுக்கு 1747-இல் இதைக் காட்டியவர் பிரெஞ்சுக் கணிதர் தாலம்பேர். பிளஸ் ஒன் பிள்ளைகள் சறுக்குவது அடுத்த நிபந்தனையில். அந்தக் கோவையின் மடக்கையும் தலைகீழியும் வடிவில் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் கோவை சுழியாகும் இடத்தில் மதிப்பு முடிவிலிக்கு ஓடிவிடும். எங்கும், எப்போதும் மதிப்பு அளவுக்குள் நிற்க வேண்டும். சைன் தேறும், ஒற்றை மேடாக ஓடும் துடிப்பும் தேறும். வர்க்கம் தேறாது, தொலைவு கூடக்கூட வரம்பின்றி ஏறுவதால்.