4–20 மில்லியாம்பியர் லூப்பில் பழுதறிதல்

ஆலைகளில் அழுத்தம், மட்டம், பாய்வு, வெப்பநிலை ஆகியவற்றை அளக்கும் கருவிக்கும் கட்டுப்பாட்டு அறைத் திரைக்கும் நடுவே பிழை எந்த இடத்தில் நுழைந்தது என்று கண்டுபிடிக்கும் பணி லூப் பழுதறிதல் எனப்படும். குழாயில் ஓடும் நீராவியின் அழுத்தம் திரையில் ஓர் எண்ணாக வந்து சேர்வதற்குள் இம்பல்ஸ் லைன், டிரான்ஸ்மிட்டர், ஜங்ஷன் பாக்ஸ், பல நூறு மீட்டர் கேபிள், பேரியர், உள்ளீட்டு அட்டை, மென்பொருள் எனப் பல கை மாறுகிறது. எண் தவறினால் பழி முதலில் டிரான்ஸ்மிட்டர் மேல் விழுகிறது. அதைக் கழற்றிப் புதியதைப் பொருத்திய பிறகும் அதே தவறான எண் திரையில் நிற்பதைக் காணாத இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் இருக்க முடியாது. ஆகவே சங்கிலியை நடுவில் வெட்டி, பிழை எந்தப் பாதியில் இருக்கிறது என்று பார்ப்பதே இந்தப் பணியின் அடிப்படை முறை.

லூப்பின் அமைப்பு

மின்னணுக் கருவிகளுக்கு முன்பு, சதுர அங்குலத்துக்கு 3 முதல் 15 பவுண்டு வரையிலான காற்றழுத்தமே அளவீட்டைச் சுமந்து சென்றது. அதன் இடத்துக்கு வந்த 4–20 மில்லியாம்பியர் நேர்மின்னோட்டத்தை அமெரிக்கக் கருவியியல் சங்கம் 1975இல் தரநிலையாக்கியது. அளவீடு சுழியில் இருக்கும்போது 4, உச்சத்தில் 20. சுழிக்கு 0 வைக்காமல் 4 வைத்ததால் இரண்டு பயன்கள் கிடைத்தன. கம்பி அறுந்தால் மின்னோட்டம் 0 ஆகிவிடும். தொட்டி காலியாக இருப்பதையும் கம்பி அறுந்ததையும் குழப்பிக்கொள்ள வழியில்லை. அந்த 4 மில்லியாம்பியரிலேயே டிரான்ஸ்மிட்டர் தன் வேலையைச் செய்துகொள்வதால் மின்சாரத்துக்குத் தனிக் கம்பி வேண்டாம், இரண்டு கம்பியே போதும்.

ஐரோப்பியப் பயனர் அமைப்பான நாமூர் வகுத்த என்இ 43 பரிந்துரை இதை இன்னும் தெளிவாக்குகிறது. 3.8 முதல் 20.5 வரை அளவீடு, 3.6க்குக் கீழேயும் 21க்கு மேலேயும் கருவியின் பழுது அறிவிப்பு. மல்டிமீட்டர் 21.5 காட்டினால் தொட்டி நிரம்பி வழிகிறது என்று பொருளில்லை. உணர்வுறுப்பு கெட்டுவிட்டதாகக் கருவியே சொல்கிறது. இந்த எல்லைகளைத் திரை மென்பொருளில் பதிக்காமல் விட்டால் அந்த அறிவிப்பை யாரும் அறியமாட்டார்கள்.

மூன்று எண்கள்

பழுதறிதலில் மிகுந்த பயன் தரும் சோதனை ஒன்றைச் சொல்வதானால், மூன்று எண்களை ஒரே நேரத்தில் ஒப்பிடுவதைத்தான் சொல்ல வேண்டும். முதலாவது, டிரான்ஸ்மிட்டர் தானே கணக்கிட்டு வைத்திருக்கும் அளவு. இதை ஹேண்ட்ஹெல்ட் கம்யூனிகேட்டரில் படிக்கலாம். இரண்டாவது, கம்பியில் உண்மையில் ஓடும் மின்னோட்டம். இதை மல்டிமீட்டர் காட்டும். மூன்றாவது, திரையில் தெரியும் எண்.

0–10 பார் டிரான்ஸ்மிட்டர் 5 பார் என்று சொல்கிறது, மீட்டரில் 12.00 மில்லியாம்பியர்; திரையில் 8 பார். கருவியிலும் கம்பியிலும் குறை இல்லை. திரையில் யாரோ 0–16 என்று ரேஞ்ச் வைத்திருக்கிறார்கள். கருவி 5 என்று சொல்லியும் மீட்டர் 12.4 காட்டினால், டிரான்ஸ்மிட்டரின் வெளியீட்டு டிரிம் நகர்ந்திருக்கலாம், அல்லது வழியில் ஒரு கசிவு மின்னோட்டம் சேர்ந்துகொள்ளலாம். மூன்று எண்களும் ஒன்றோடொன்று பொருந்தியும் குழாயில் உள்ள கேஜ் வேறு எண் காட்டினால், மின்சாரப் பக்கத்தை விட்டுவிட்டு இம்பல்ஸ் லைனுக்குப் போக வேண்டும். சில நிமிட வேலை இது. செய்யாமல் விட்டால் ஒரு ஷிப்ட் முழுவதும் வீணாகும்.

பல டிரான்ஸ்மிட்டர்களில் டெஸ்ட் டெர்மினல் தனியாக உண்டு. அங்கே மீட்டரை வைத்தால் கம்பியைக் கழற்றாமலேயே மின்னோட்டம் தெரியும். அது இல்லாத இடத்தில், உள்ளீட்டு அட்டையருகே இருக்கும் 250 ஓம் மின்தடையின் மேல் மின்னழுத்தத்தை அளக்கலாம். 4–20 மில்லியாம்பியர் அங்கே 1–5 வோல்ட் ஆகிறது.

மின்னழுத்தப் பற்றாக்குறை

காலையில் ஒழுங்காக இருந்த அளவீடு, ஆலை முழுச் சுமைக்கு ஏறியதும் ஓரிடத்தில் முட்டி நின்றுவிடுகிறது. சுமை குறைந்தால் மறுபடி சரியாகிறது. இந்தக் குறிக்கு விடை பெரும்பாலும் ஓம் விதியிலேயே இருக்கும். மின்வழங்கி 24 வோல்ட். டிரான்ஸ்மிட்டருக்குக் குறைந்தது 12 வோல்ட் தேவை என்று கொள்வோம். வழியில் 250 ஓம் மின்தடை, 300 ஓம் ஜீனர் பேரியர், ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் கேபிளில் போக வர 25 ஓம், மொத்தம் 575. 20 மில்லியாம்பியரில் இவை 11.5 வோல்ட் விழுங்கும். மிச்சம் 12.5, மயிரிழையில் தப்பிக்கிறது.

அந்த நிலையில் ஃபீல்டில் பார்க்க வசதியாக, 2 வோல்ட் விழுங்கும் இண்டிகேட்டர் ஒன்றைத் தொடரில் சேர்த்தால் 575 ஓமுக்கு 10 வோல்ட்தான் மிஞ்சும். மின்னோட்டம் 17.4 மில்லியாம்பியரைத் தாண்டாது. அளவீடு 84 சதவீதத்தில் நின்றுவிடும். அதற்குக் கீழே எல்லாம் துல்லியமாக இருக்கும். அதனால்தான் 0, 50 சதவீதங்களில் மட்டும் சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போடும் வழக்கம் ஆபத்தானது. புதிதாக எதையும் லூப்பில் சேர்த்தால், கருவியைக் கொண்டே 20 மில்லியாம்பியரைச் செலுத்தி அதன் டெர்மினலில் எத்தனை வோல்ட் மிஞ்சுகிறது என்று பார்த்தே ஆக வேண்டும்.

ஈரமும் எர்த்தும்

மழைக்காலத்தில் மட்டும் ஏறும் அளவீடு ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து பார்க்கச் சொல்கிறது. இறுக்காத கேபிள் கிளாண்ட் வழியாக நீர் புகுந்து டெர்மினல்களுக்கிடையே பாலம் போட்டால், டிரான்ஸ்மிட்டரைச் சுற்றிக்கொண்டு ஒரு சிறு மின்னோட்டம் ஓடும். அது உண்மையான மின்னோட்டத்தோடு கூடி எண்ணை உயர்த்தும். வெயில் வந்ததும் தானே மறைந்துவிடுவதால் பல ஆண்டுகள் பிடிபடாமலே இருக்கக்கூடிய பழுது இது. கேபிளை எப்போதும் கீழ்ப்பக்கமாக வளைத்து, கீழிருந்து உள்ளே நுழைப்பது இதற்காகத்தான்.

கேபிள் ஷீல்டை ஒரே முனையில், வழக்கமாகப் பேனல் பக்கம், எர்த் செய்ய வேண்டும். இரு முனையிலும் செய்தால் ஆலையின் இரண்டு மூலைகளுக்கு இடையிலான நில மின்னழுத்த வேறுபாடு ஷீல்டு வழியே மின்னோட்டமாக ஓடி, அளவீட்டை நடுங்க வைக்கும். அருகில் பெரிய மோட்டார் ஓடத் தொடங்கியதும் எண் ஆடினால் இதையும், டிரைவ் கேபிளும் சிக்னல் கேபிளும் ஒரே டிரேயில் கிடக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஹார்ட் தொடர்பு கிடைக்காதபோது

ரோஸ்மவுண்ட் நிறுவனம் 1980களில் உருவாக்கிய ஹார்ட் நெறிமுறை, அதே இரண்டு கம்பியில் 4–20 மின்னோட்டத்தின் மேலேயே இலக்கத் தகவலையும் ஏற்றுகிறது. பெல் 202 தொலைபேசி மோடம் முறைதான் இதற்கு அடிப்படை: 1200 ஹெர்ட்ஸ் என்றால் 1, 2200 ஹெர்ட்ஸ் என்றால் 0, வேகம் நொடிக்கு 1200 பிட். கூட்டியும் குறைத்தும் அரை மில்லியாம்பியர் அலை என்பதால் அதன் சராசரி சுழி, அளவீட்டைப் பாதிப்பதில்லை.

கம்யூனிகேட்டர் கருவியைக் காணவில்லை என்று சொல்லும்போது முதலில் தேட வேண்டியது மின்தடை. நல்ல மின்வழங்கி எந்த அலையையும் தன்மேல் எழவிடாது; ஹார்ட் அலைக்கு அது ஒரு குறுக்குச்சுற்று. மின்வழங்கிக்கும் கம்யூனிகேட்டர் தொடும் இடத்துக்கும் நடுவே குறைந்தது 230 ஓம், நடைமுறையில் 250, இருந்தால்தான் அலை உயிரோடிருக்கும். பட்டறை மேசையில் 24 வோல்ட்டை நேராகக் கொடுத்துவிட்டுக் கருவி பேசவில்லை என்று ஒதுக்கிவைக்கப்படும் டிரான்ஸ்மிட்டர்களுக்கு ஒரு மின்தடையே மருந்து. கட்டுப்பாட்டு அறையில் உள்ளீட்டு அட்டையின் மின்தடை குறைவாக இருந்தாலும் இதே கதைதான். ஹார்ட் அலையைக் கடத்தாத பழைய ஐசொலேட்டர்களும் உண்டு. அங்கே கருவிப் பக்கம் தொடர்பு கிடைக்கும், அட்டைப் பக்கம் கிடைக்காது.

இதைவிடத் தந்திரமானது போலிங் முகவரிப் பிழை. வழக்கமான லூப்பில் முகவரி 0. ஹார்ட் 5 பதிப்புக் கருவியில் யாராவது அதை 1 ஆக மாற்றிவிட்டால், பல கருவிகள் ஒரே கம்பியில் இணையும் முறைக்குக் கருவி மாறி, மின்னோட்டத்தை 4 மில்லியாம்பியரில் உறைய வைத்துவிடும். கம்யூனிகேட்டரில் அளவு சரியாக மாறிக்கொண்டிருக்கும். திரையில் அசையாத 0. கருவியின் வெளியீடு எரிந்துவிட்டது என்று நினைத்துப் புதியது வாங்குவதற்கு முன் முகவரியைப் பார்க்க வேண்டும்.

மோட்பஸ் பற்றிச் சுருக்கமாக: 1979இல் மோடிகான் வெளியிட்ட இந்த நெறிமுறை ஆர்எஸ்-485 கம்பியில் ஓடும்போது இரு கடைசி முனைகளிலும் 120 ஓம் மின்தடை வேண்டும், நடுவில் கூடாது. ஏ, பி என்று டெர்மினலுக்குப் பெயரிடுவதில் உற்பத்தியாளர்கள் ஒத்துப்போவதில்லை. தொடர்பே இல்லையென்றால் இரண்டையும் மாற்றிப் பார்க்கலாம். தொடர்பு இருந்தும் எண் அர்த்தமற்றதாக வந்தால், பதிவேட்டு எண்ணில் ஒன்று கூடியோ குறைந்தோ இருக்கும், அல்லது தசம எண்ணின் இரு சொற்களும் வரிசை மாறியிருக்கும்.

அளவீட்டுப் பக்கத்துப் பிழைகள்

ஆரிஃபிஸ் தட்டில் பாய்வு, அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். 50 சதவீதப் பாய்வில் அழுத்த வேறுபாடு 25 சதவீதமே. வர்க்கமூலத்தை டிரான்ஸ்மிட்டரும் எடுத்து, திரை மென்பொருளும் எடுத்தால் திரையில் 71 சதவீதம் தெரியும். இரண்டும் எடுக்காவிட்டால் 25. சுழியிலும் முழு அளவிலும் எல்லாம் பொருந்தி நடுவில் மட்டும் கெடுவதால், பொருளிருப்புக் கணக்கு உதைக்கும்போதுதான் இது வெளிப்படும்.

மூடிய கலத்தின் மட்டத்தை அழுத்த வேறுபாட்டால் அளக்கும்போது தாழ்பக்க இம்பல்ஸ் லைனில் திரவம் நிரப்பி வைப்பார்கள். அந்தத் திரவம் கசிந்தாலோ ஆவியானாலோ தாழ்பக்க அழுத்தம் குறைந்து, கலத்தில் மாற்றமே இல்லாமல் மட்டம் ஏறுவதாகத் தெரியும். சுழி பார்க்கிறேன் என்று மேனிஃபோல்டில் ஈக்வலைசிங் வால்வைத் தவறான வரிசையில் திறப்பவரே அந்தத் திரவத்தை வடித்துவிடுவதும் நடக்கும்.

பிடி100 வெப்ப உணர்வுறுப்பில் ஒரு டிகிரிக்கு 0.385 ஓம்தான் மாற்றம். இரண்டு கம்பி இணைப்பில் ஒரு துருப்பிடித்த ஸ்க்ரூ 1 ஓம் சேர்த்தால் அளவு 2.6 டிகிரி கூடும். தெர்மோகப்பிளில் கேபிள் நடுவழியில் குறுக்குச்சுற்றானால் அளவு மறைவதில்லை. குறுக்குச்சுற்றான இடத்தின் வெப்பநிலையைக் காட்டும். நம்பத்தகுந்த எண்ணாகத் தெரிவதுதான் அதன் கேடு.

2005 மார்ச் 23 அன்று டெக்சஸ் சிட்டியில் பிபி சுத்திகரிப்பு ஆலையில் நடந்த வெடிப்பில் 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். வடிகோபுரத்தில் திரவம் சுமார் 158 அடி ஏறியபோது மட்ட டிரான்ஸ்மிட்டர் 10 அடிக்கும் கீழே என்று காட்டியது. அதுவும் மெல்ல இறங்குவதாக. மிதப்பு விசையால் அளக்கும் அந்தக் கருவி கோபுரத்தின் அடிப்பகுதியை மட்டுமே பார்த்தது. பழைய அடர்த்திக்கு அமைக்கப்பட்டிருந்தது. முழுதும் மூழ்கிய அதன் டிஸ்ப்ளேசரைச் சுற்றியிருந்த திரவம் சூடேறியபோது அடர்த்தி குறைந்தது, மிதப்பு விசை குறைந்தது, காட்டிய மட்டமும் இறங்கியது. லூப் அறுபடவில்லை, தவறான எண்ணை அது பழுதின்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கோபுரத்துக்குள் எவ்வளவு போயிற்று, வெளியே எவ்வளவு வந்தது என்ற எளிய கணக்கு ஒன்றே அங்கே அந்த எண்ணை மறுத்திருக்க முடியும்.

அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் 912ஆம் தொட்டிக்குப் பெட்ரோல் வந்துகொண்டிருக்க, மட்டமானி சிக்கி ஒரே எண்ணில் நின்றது. ஆகஸ்ட் இறுதியில் பராமரிப்பு முடிந்ததிலிருந்து அது 14 முறை அப்படிச் சிக்கியிருந்தது. தனியாக இருந்த உயர்மட்ட ஸ்விட்சும் இயங்கவில்லை. செயல்முறை மாறும்போது மாறாத எண் எப்போதும் சந்தேகத்துக்குரியது. உயிருள்ள அளவீட்டில் சிறு அசைவு இருந்துகொண்டே இருக்கும். நேர்கோடாகப் போகும் டிரெண்டைக் கண்டால் அடைபட்ட இம்பல்ஸ் லைனையோ சிக்கிய மிதவையையோ தேடலாம்.

ஓடும் ஆலையில் கைவைக்கும் முன்

லூப்பைத் தொடுவதற்கு முன் கண்ட்ரோலரை மேனுவலுக்கு மாற்றும்படி ஆபரேட்டரிடம் கேட்டு, அவர் மாற்றிவிட்டதாகச் சொன்ன பிறகே கம்பியைக் கழற்ற வேண்டும். டிரான்ஸ்மிட்டர் பாதுகாப்பு டிரிப்பில் சேர்ந்திருந்தால் அனுமதியோடு பைபாஸ் வேண்டும். மூன்றில் இரண்டு என்ற வாக்கு முறையில் ஒரு கருவியைச் சோதிக்கும்போது இன்னொன்று ஏற்கெனவே பழுதில் கிடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எதையும் திருத்துவதற்கு முன்பு, கருவி இருந்தபடியே 0, 25, 50, 75, 100 சதவீதங்களில் காட்டும் எண்களை ஏறுமுகமாகவும் இறங்குமுகமாகவும் குறித்துக்கொள்வது வழக்கம். பிழை ஐந்து இடத்திலும் ஒரே அளவாக இருந்தால் சுழி நகர்ந்திருக்கிறது. வளர்ந்துகொண்டே போனால் ஸ்பேன். ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது வேறொன்றுமாக இருந்தால் எங்கோ உராய்வோ படிவோ இருக்கிறது. டிரிம் பொத்தானை அழுத்திய மறுகணம் இந்தத் தடயங்கள் மூன்றும் அழிந்துபோகின்றன. அடுத்த முறை அதே பழுது வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது.