ஆனையூர் வழியில் பெயர் பொறித்த கற்கள்

மதுரையைக் காண வரும் மாணவர்கள் செல்லும் இடங்கள் பெரும்பாலும் முன்னரே வரையறுக்கப்பட்டவை. காலையில் மீனாட்சியம்மன் திருக்கோயில். நண்பகலில் திருமலை நாயக்கர் மகால். மாலையில், இராணி மங்கம்மாளின் மாளிகையாக இருந்து 1959 முதல் காந்தி நினைவு அருங்காட்சியகமாக விளங்கும் கட்டடம். அங்கே அண்ணல் சுடப்பட்டபோது அணிந்திருந்த குருதி தோய்ந்த ஆடையின் முன் சிறிது நேரம் வாய்மூடி நின்றுவிட்டுப் பிள்ளைகள் பேருந்தில் ஏறிவிடுவார்கள். இவை காணத்தக்கவையே; நானும் பலமுறை மாணவர்களை இவ்வாறு அழைத்துச் சென்றிருக்கிறேன். எனினும் மாணவ நண்பர்களே, மதுரையிலிருந்து மேற்கே தேனிக்குச் செல்லும் சாலையில் நீங்கள் ஒருநாள் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இன்று இப்பேச்சைத் தொடங்குகிறேன்.

அச்சாலையில் செல்வோருக்கு முதலில் புலப்படுவது நிலத்தின் வறட்சி. 1895ஆம் ஆண்டில் பெரியாற்று அணை கட்டி முடிக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் வைகைக்குத் திருப்பப்பட்டது. அதனால் மேலூர்ப் பக்கத்து நிலங்கள் நெல்வயல்களாயின. உசிலம்பட்டிப் பக்கத்து நிலத்தில் பெரும்பகுதியோ வானம் பார்த்த பூமியாகவே நின்றுவிட்டது. கோடையில் அங்கே காலை ஒன்பது மணிக்கே தரை கொதிக்கும். முல்லையும் குறிஞ்சியும் மழையின்றித் திரிந்தால் பாலையாகும் என்று நம் முன்னோர் கருதியதைப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வந்த வழியில் எயினர் வாழ்ந்த வறண்ட நிலம் ஒன்று குறுக்கிட்டதைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. அத்தகைய நிலத்தின் நினைவுச் சின்னங்கள் நகரத்துச் சின்னங்களைப் போல உயர்ந்து நின்று நம்மை அழைப்பதில்லை. நாமாகத் தேடிச் செல்ல வேண்டும்.

முதலில் கீழக்குயில்குடிக்குச் செல்வோம். ஊரை அடுத்துச் சமணர் மலை எழுந்து நிற்கிறது. அடிவாரத்தில் தாமரைக் குளமும் ஆலமரமும் அய்யனார் கோயிலும் உள்ளன. செட்டிப்புடவு என்னும் குகைப்புறத்தில் அமர்ந்த நிலையிலுள்ள தீர்த்தங்கரரின் பெரிய உருவம் ஒன்று பாறையில் செதுக்கப்பட்டுள்ளது. இன்னும் மேலே, பேச்சிப்பள்ளம் என்னும் சுனைக்கரையில், பாறைச் சுவரிலே வரிசையாகத் திருமேனிகள் இருக்கின்றன. அவற்றின் கீழே வட்டெழுத்தில் சில வரிகள் வெட்டப்பட்டுள்ளன. அவை ஏறத்தாழ ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டைச் சார்ந்தவை. இம்மலையில் 2012ஆம் ஆண்டில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்றும் கண்டறியப்பட்டது. ஆகவே இவ்விடத்தில் துறவிகள் தங்கிய காலம் அவ்வட்டெழுத்துகளுக்கும் பல நூற்றாண்டுகள் முற்பட்டது.

பேச்சிப்பள்ளத்துக் கல்வெட்டுகளுள் ஒன்றை மட்டும் இங்கே சிறப்பாகக் குறிப்பிட விரும்புகிறேன். மதுரையைச் சூழ்ந்த குன்றுகள் பலவற்றில் திருமேனிகள் செய்வித்தவர் அச்சணந்தி என்னும் சமண முனிவர். அவருடைய தாயார் குணமதியார் ஒரு திருமேனியைச் செய்வித்தார் என்று அக்கல்வெட்டு கூறுகிறது. அவ்வளவே செய்தி. அவர் பிறந்த ஊர் எது, துறவியாகிய மகனை எப்போது கண்டார் என்பவற்றை அது சொல்லவில்லை. ஆயிரம் ஆண்டு வெயிலும் மழையும் அந்தத் தாயின் பெயரை அழிக்கவில்லை. எதையேனும் கொடுத்தவர், செய்வித்தவர் பெயரைக் கல்லில் எழுதிவைப்பது நம் நாட்டு மரபு.

இனி, அதே கீழக்குயில்குடியில் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் வேறொரு வகையாகப் பெயர்கள் எழுதப்பட்டன. அதைச் சொல்லுமுன் ஒரு சட்டத்தைப் பற்றிக் கூறவேண்டும்.

குற்றப் பரம்பரைச் சட்டம் ஆங்கில அரசால் 1871ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 1911இல் திருத்தி அமைக்கப்பட்டபோது அது சென்னை மாகாணத்துக்கும் உரியதாயிற்று. ஒரு கூட்டத்தாரைக் குற்றம் புரியும் பரம்பரை என்று அரசு அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்புச் செல்லாது என்று எந்த நீதிமன்றத்திலும் வாதிட இயலாது. அறிவிக்கப்பட்டவர்களின் பெயர்கள் பதிவேட்டில் ஏறும். விரல் ரேகை எடுக்கப்படும். ஊர்விட்டு ஊர் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். பலர் இரவில் காவல் நிலையத்திலோ கிராம அதிகாரியின் முன்னோ சென்று முகம் காட்டவேண்டும். ஒருவன் திருடினானா இல்லையா என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை, பிறந்ததே போதும். மதுரை மாவட்டத்துப் பிரமலைக் கள்ளர் மக்களுள் முதன்முதலாக 1914ஆம் ஆண்டில் இச்சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டவர்கள் கீழக்குயில்குடியைச் சேர்ந்தவர்கள். மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர்.

விரல் ரேகையை ஆட்சிக்குப் பயன்படுத்தும் வழக்கம் நம் நாட்டில்தான் வளர்ந்தது. 1858ஆம் ஆண்டில் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ஓர் ஒப்பந்தக்காரர் பின்னர்ச் சொல் மாறாதிருக்கும் பொருட்டு அவருடைய உள்ளங்கையின் பதிவைப் பத்திரத்தில் எடுத்துக்கொண்டார். 1897இல் கல்கத்தாவில் ரேகைக்கெனவே தனி அலுவலகம் ஏற்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்குவதில் அசீசுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்னும் இந்தியர் இருவர் பெரும்பங்கு கொண்டனர். ஆயினும் அம்முறைக்கு வழங்கிய பெயர் அவர்களுடைய மேலதிகாரி ஹென்றியின் பெயரே. பத்திரத்துக்காகத் தொடங்கிய வழக்கம் இவ்வாறு ஒரு வட்டாரத்து உழவர்களின் விரல்களை வந்து பற்றிக்கொண்டது.

மீண்டும் சாலைக்கு வருவோம். உசிலம்பட்டியை நெருங்கும்போது ஆனையூர் வருகிறது. மதுரை நகரத்தின் ஓர் ஓரத்திலும் ஆனையூர் என்றொரு பகுதி உண்டு. அங்கே சென்று இறங்கிவிட வேண்டா. நான் கூறும் ஆனையூரில் ஐராவதேசுவரர் கோயில் என்னும் பழைய சிவாலயம் உள்ளது. அதன் கற்களில் பழங்கல்வெட்டுகள் இருக்கின்றன. இந்திரனுடைய வெள்ளை யானையோடு ஊர்ப் பெயரை இணைத்துச் சொல்வர். பழைய மாவட்ட வரலாற்று நூல்களில் இவ்வட்டாரத்து மக்கள் ‘ஆனையூர்க் கள்ளர்’ என்றே குறிக்கப்பட்டனர்; ஆகவே வெளியாருக்கு இந்நாட்டின் முகவரியாக இருந்தது இவ்வூர். கோயிலின் நிழலில் உணவு உண்டு இளைப்பாறிவிட்டுத் தெற்கே செல்லுங்கள். சேடபட்டிப் பக்கத்தில் பெருங்காமநல்லூர் இருக்கிறது.

அங்குள்ள மக்கள், தாங்கள் நிலத்தை உழுது வாழ்பவர்கள் என்றும், இச்சட்டம் தங்கள் மேல் பாய நியாயமில்லை என்றும் முறையிட்டனர். முறையீடு ஏற்கப்படவில்லை. 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் ஆயுதப் போலீசார் ஊருக்கு வந்தனர். ரேகை வைக்க மாட்டோம் என்று மக்கள் திரண்டு நின்றனர். போலீசாரிடம் துப்பாக்கிகள் இருந்தன. ஊராரிடம் கல்லும் கம்பும் கைக்கருவிகளும் இருந்தன. துப்பாக்கிச் சூட்டில் பதினாறு பேர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் மாயக்காள் என்னும் பெண்மணி. குண்டடிபட்டுக் கிடந்தோருக்குத் தண்ணீர் கொடுக்கச் சென்றவர் அவர். ஏராளமானோர் கைது செய்யப்பட்டு, விலங்கிடப்பட்டுத் திருமங்கலத்துக்கு நடத்திச் செல்லப்பட்டனர்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு பள்ளியில் வரலாறு கற்பித்தபோது, ஜாலியன்வாலாபாக் பாடத்தை மிகுந்த உணர்ச்சியோடு நடத்துவது வழக்கம். 1919 ஏப்ரல் 13, ரௌலட் சட்டம், ஜெனரல் டையர், அரசுக் கணக்குப்படியே மாண்டவர் 379 பேர் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி விசுப்பலகையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, எங்க ஊர்ப்பக்கத்திலேயும் இப்படிச் சுட்டாங்களாம், எங்க தாத்தா சொல்வார்” என்றான். “பாடத்தைக் கவனி, உட்கார்” என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். அதன்பின் அவன் என் வகுப்பில் எந்தக் கேள்வியும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அமிர்தசரசில் குண்டு பாய்ந்த நாளுக்கு ஓராண்டு நிறையப் பத்து நாட்கள் இருந்தபோது பெருங்காமநல்லூரில் குண்டு பாய்ந்தது என்பதை நான் கணக்கிட்டுப் பார்த்தது, பணி ஓய்வு பெற்ற பிறகுதான். ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடமே, அறிந்ததிலிருந்து அறியாததற்கு மாணவனை அழைத்துச் செல்ல வேண்டும் என்பது. அன்று அவன் அறிந்ததைக் கையில் ஏந்தி வந்தான், அறியாதவன் நான்.

சட்டத்தை எதிர்த்தவர்களுள் முதலில் நினைக்க வேண்டியவர் ஜார்ஜ் ஜோசப். 1887இல் செங்கன்னூரில் பிறந்து மதுரையில் வழக்கறிஞராக வாழ்ந்த அவர், இம்மக்களுக்காக எழுதினார், வாதாடினார். சட்டையில் ரோசாப்பூச் செருகும் வழக்கம் உடையவர் என்பதால் மக்கள் அவரை ரோசாப்பூ துரை என்று அன்போடு அழைத்தனர். அவர் 1938இல் மதுரையிலேயே காலமானார். பின்னர் முத்துராமலிங்கத் தேவரும் பிறரும் கிளர்ச்சியைத் தொடர்ந்து நடத்தினர். சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டில் இச்சட்டம் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் நீங்கியது 1952இல். துப்பாக்கிச் சூட்டுக்குப் பிந்தைய ஆண்டுகளில் அதே அரசு கள்ளர் சீரமைப்பு என்னும் பெயரால் பள்ளிகளையும் திறந்தது. ‘சீரமைப்பு’ என்னும் சொல்லை என்னால் இன்றும் மனமுவந்து ஏற்க இயலவில்லை. ஆனால் அப்பள்ளிகளில் படித்துத் தலைமுறை தலைமுறையாக ஆசிரியர்களும் அலுவலர்களும் வெளிவந்தனர். அதை மறைப்பதும் வரலாறாகாது.

பஞ்சாபில் ஜாலியன்வாலாபாக் நினைவுச் சின்னத்தை 1961ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் திறந்துவைத்தார். அதற்குப் பயணக் குழுக்கள் குறைவதில்லை. பெருங்காமநல்லூரில் மாண்டவர்களுக்கு எழுப்பப்பட்ட நினைவுத் தூணின் முன் ஆண்டுதோறும் ஏப்ரல் 3ஆம் நாள் மக்கள் கூடி மாலை சூட்டுகிறார்கள். நீங்கள் வேறொரு நாளில் சென்றால் கூட்டம் இராது. வெயில் மட்டும் இருக்கும். குடிநீரை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். குறிப்பேடும் வேண்டும். காலையில் பேச்சிப்பள்ளத்தில் குணமதியார் பெயரை எழுதிக்கொண்ட அதே பக்கத்தில், மாலையில் மாயக்காள் பெயரையும் மற்றப் பதினைந்து பேரின் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடிக்கும்வரை ஓட்டுநர் காத்திருப்பார். முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.