ஐந்து திர்ஹம் அங்கி

பெருநாள் நெருங்கும்போது நம் வீடுகளில் துணி வாங்கும் மகிழ்ச்சி தொற்றிக்கொள்கிறது. தள்ளுபடிக் கடையின் குவியலைக் கிளறி, நல்ல நெசவுள்ள ஒன்றைப் பாதி விலைக்கு எடுத்துவந்து அண்டை வீட்டாரிடம் காட்டுவதில் உள்ள இன்பத்தை மறுப்பதற்கில்லை. பாட்டியின் பெட்டியில் உறங்கிய பட்டுச்சேலையைப் பேத்தி விரும்பி உடுத்துவதையும் காண்கிறோம். குறைந்த விலையில் நல்லதைத் தேடுவதையும் பழையதைப் போற்றுவதையும் மார்க்கம் குறை கூறவில்லை. இவற்றுக்கு நம் வரலாற்றில் முன்மாதிரியும் உண்டு, வரம்பும் உண்டு.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒருநாள் ஐந்து திர்ஹம் பெறுமானமுள்ள கித்ர் வகைத் துணியாலான அங்கியை அணிந்திருந்தார்கள். அவர்களின் பணிப்பெண்ணோ அதை வீட்டுக்குள் அணியவும் மறுத்தாள். அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களின் காலத்தில் இதே போன்ற அங்கி ஒன்று தம்மிடம் இருந்ததையும், மதீனாவில் அலங்கரித்துக்கொள்ள விரும்பிய பெண்களெல்லாம் அதை இரவல் கேட்டு ஆளனுப்பியதையும் அன்னையவர்கள் அப்போது நினைவுகூர்ந்தார்கள். புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது. ஒரே அங்கி எத்தனையோ பெண்களின் மகிழ்ச்சிக்குத் துணைநின்றது. இரவல் வாங்கியதால் எவருடைய மதிப்பும் குறைந்துவிடவில்லை.

பேரம் பேசுவதும் நபிவழியில் காணப்படுவதே. ஜாபிர் (ரலி) அவர்களின் களைத்துப்போன ஒட்டகத்தை ஓர் ஊக்கியாவுக்குத் தருமாறு பயணத்தின்போது நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். ஜாபிர் முதலில் மறுத்தார், பிறகு இசைந்தார். அவருடைய தந்தை உஹதுப் போரில் ஷஹீதாகி, கடனையும் பெண்மக்களையும் விட்டுச் சென்றிருந்தார். மதீனா சேர்ந்ததும் நபியவர்கள் விலையைக் கொடுத்தார்கள். ஒட்டகத்தையும் அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். விலை பேசிய வேளையிலும் விற்பவரின் குடும்பநிலை அவர்களின் கருத்தில் இருந்தது என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

அந்தப் பரிவு சட்டமாகவும் வடிவெடுத்தது. சரக்குடன் வரும் வெளியூர் வணிகரை, அவர் சந்தையை அடையுமுன் வழியிலேயே மறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து சேர்ந்தபின் அவ்விற்பனையை முறித்துக்கொள்ளலாம் என்றும் தீர்ப்பளித்தார்கள். சந்தை விலை அறியாதவரின் அறியாமையை வாங்குபவர் தம் இலாபமாக்கிக்கொள்ளக் கூடாது என்பதே இத்தடையின் உட்கருத்து.

இக்கருத்தைத் துணிக்கடையில் வாழ்ந்து காட்டியவர் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 80 முதல் 150 வரை (கி.பி. 699-767) வாழ்ந்த அந்த மாமேதை, கூஃபா நகரின் பட்டுத்துணி வணிகர். ஒருமுறை ஒரு பெண்மணி பட்டாடை ஒன்றை விற்கக் கொண்டுவந்து 100 திர்ஹம் கேட்டார். அது அதைவிடக் கூடுதல் பெறும் என்றார் இமாம். அவர் நூறு நூறாக ஏற்றி 400 வரை வந்தும் இமாம் அதையே சொல்ல, தம்மைக் கேலி செய்வதாகவே அப்பெண்மணி எண்ணினார். விலை மதிப்பிட ஓர் ஆளை அழைத்துவரச் சொல்லி, இறுதியில் 500 திர்ஹம் கொடுத்து இமாம் அதை வாங்கினார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

இந்நிகழ்ச்சியை மதரஸாவில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் ஒரு கேள்வி எழுப்புவார்கள்: அப்படியானால் பேரமே பேசக்கூடாதா? தாராளமாகப் பேசலாம். விலை பேசி வாங்கும் முறைக்கு ஃபிக்ஹு நூல்களில் 'முஸாவமா' என்று பெயரே உண்டு. விலையறிந்த பெருங்கடைக்காரர் தம் இலாபத்தைக் காத்துக்கொள்ள வல்லவர். அவரிடம் குறைத்துக் கேட்பதில் தவறில்லை. இமாமின் முன் நின்ற பெண்மணியோ தம் பொருளின் மதிப்பை அறியாதவர். அந்த வேறுபாட்டை உணர்வதே இறையச்சம்.

நம் தெருக்களிலும் பழைய சரிகைப் புடவை வாங்க வருவோர் உண்டு. கணவரை இழந்த ஒரு மூதாட்டி கைச்செலவுக்காகத் தம் கல்யாணச் சேலையை எடுத்து நீட்டும்போது, அதிலுள்ள வெள்ளிச் சரிகையின் மதிப்பு வாங்குபவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அந்தச் சேலை நம் கைக்கே வந்து, அடிமாட்டு விலைக்குக் கிடைத்த அரிய பொருளென்று நாம் மகிழ்ந்தால், அம்மகிழ்ச்சியின் ஒரு பகுதி அவரிடமிருந்து பறித்ததாகும். அளந்து வாங்கும்போது நிறைவாகப் பெற்று, கொடுக்கும்போது குறைப்போரை 'அல்முதஃப்ஃபிஃபீன்' அத்தியாயம் கடுமையாக எச்சரிப்பதை நாம் அறிவோம்.

இப்பெருநாளுக்கு மலிவாகத் தேடுவோம், மகிழ்ந்து உடுத்துவோம், நம்மிடமுள்ள நல்ல ஆடையை இரவல் கேட்போருக்கு முகம் கோணாமல் கொடுப்போம். எளியவர் ஒருவர் தம் பொருளுக்குக் குறைத்து விலை சொன்னால், அதன் உண்மை விலையை முதலில் நம் வாயாலேயே சொல்வோம். வாங்குவதிலும் விற்பதிலும் பெருந்தன்மையுடையோராக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக! ஆமீன்.