ஒரு நாள் லீவுக்கு 14 வளைவு: வேலூர், ஆம்பூர் வாலிபர்களை இழுக்கும் 'திரில்' மலைகள்

வேலூர்,

வாரத்துக்கு 6 நாள் ஷூ கம்பெனி, தோல் ஷாப்பு என்று ஓடும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வாலிபர்களுக்கு கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான். ஊட்டி, கொடைக்கானல் போய் வர நேரமும் இல்லை, காசும் இல்லை. ஆனால் வீட்டு மாடியில் நின்று பார்த்தாலே தெரிகிற மலைகளில் 'திரில்'லுக்கு பஞ்சமே கிடையாது. காலையில் கிளம்பி இரவு சாப்பாட்டுக்கு வீடு திரும்பி விடலாம். பத்திரமாக திரும்ப வேண்டும், அதுதான் முக்கியம்.

ஏலகிரி

முதல் இடம் ஏலகிரிக்குத்தான். முன்பு வேலூர் மாவட்டத்தில் இருந்த இந்த மலை, 2019-ம் ஆண்டு மாவட்டம் பிரிக்கப்பட்ட பிறகு திருப்பத்தூர் மாவட்டத்துக்கு போய் விட்டது. கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம். அடிவாரமான பொன்னேரியில் இருந்து மேலே போக 14 கொண்டை ஊசி வளைவுகள். பாரி, காரி, ஓரி, அதியமான், அவ்வையார், கம்பர், பாரதியார் என்று ஒவ்வொரு வளைவுக்கும் வள்ளல்கள், புலவர்களின் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பைக்கில் போகிறவர்களுக்கு ஏறுவதை விட இறங்குவதுதான் ஆபத்து. பெட்ரோல் மிச்சம் என்று சிலர் என்ஜினை ஆப் செய்து விட்டு நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருகிறார்கள். மிச்சமாவது 10 ரூபாயோ 20 ரூபாயோ. அத்தனை வளைவுக்கும் பிரேக்கையே பிடித்துக்கொண்டு வந்தால் பிரேக் சூடாகி பாதியில் பிடிக்காமல் போகும். முதல் கியர், இரண்டாவது கியரில் இறங்கினால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். எதிரே மேலே ஏறி வரும் வண்டிக்குத்தான் முதலில் வழி விட வேண்டும், இது மலைப்பாதை சட்டம். வளைவில் நின்று செல்பி எடுக்கிறவர்கள் இதை எல்லாம் படிக்கப்போவது இல்லை, இருந்தாலும் சொல்லி வைக்க வேண்டி இருக்கிறது.

மேலே போனதும் புங்கனூர் ஏரியில் படகு சவாரி, பூங்கா எல்லாம் குடும்பத்துக்கு. நடக்கத் தெம்பு இருக்கிறவர்கள் மங்கலம் கிராமத்துக்கு போக வேண்டும். அங்கிருந்துதான் சுவாமிமலைக்கு ஏறுவார்கள். ஏலகிரியிலேயே உயரமான சிகரம் இது, 4,338 அடி. பாதி தூரம் மரநிழல், கடைசியில் பாறை. உச்சியில் நின்றால் ஜோலார்பேட்டை பக்கம் போகும் ரெயில் பொம்மை மாதிரி தெரியும். வழியில் கடை கிடையாது, ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீராவது வேண்டும். கரடி நடமாட்டம் உள்ள காடு என்பதால் இருட்டும் முன்பு இறங்கி விட வேண்டும்.

பாராசூட் மாதிரி துணியை விரித்து மலையில் இருந்து குதித்து பறக்கும் 'பாராகிளைடிங்'குக்கும் ஏலகிரி பெயர் போனது. 2008-ம் ஆண்டு இதற்காக இங்கே தனி திருவிழாவே நடந்தது. காற்று சரியாக இருந்தால்தான் பறக்க முடியும். நடக்கிறதா என்று முதலில் கேட்டு விட்டு போவது நல்லது. பயிற்சி பெற்ற பைலட், ஹெல்மெட் இல்லாமல் யார் கூப்பிட்டாலும் ஏறக்கூடாது.

அனுமதி இல்லாமல் போனால் வழக்கு

முன்பெல்லாம் நாலு பேர் சேர்ந்தால் காட்டுக்குள் நடந்து விடுவார்கள். 2018-ம் ஆண்டு மார்ச் 11-ந்தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்தது எல்லாவற்றையும் மாற்றி விட்டது. மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி, 23 பேர் உயிர் இழந்தனர். அதன் பிறகு மலையேற்றத்துக்கு தனி விதிமுறைகளே வந்தன.

2024-ம் ஆண்டு அக்டோபர் மாதம் தமிழக அரசு 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தை தொடங்கியது. மொத்தம் 40 பாதைகள். அதில் ஏலகிரி-சுவாமிமலையும், ஜலகாம்பாறையும் இருக்கின்றன. ஆன்லைனில் பணம் கட்டி பதிவு செய்தால் உள்ளூர் மலைவாசி வாலிபர்களே வழிகாட்டியாக கூட வருவார்கள். எந்த பாறை வழுக்கும், கரடி எந்த பக்கம் வரும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். காய்ந்த புல் பற்றி எரியும் கோடை காலத்தில் பாதைகளை மூடி விடுவார்கள். அந்த நேரத்தில் திருட்டுத்தனமாக ஏறி, ஒரு பீடித் துண்டை வீசினாலே போதும், மலையே எரியும். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். வழக்கு வந்தால் கோர்ட்டுக்கு அலைவதில் எத்தனை நாள் கூலி போகும்?

ஜலகாம்பாறை

ஏலகிரியின் மறுபக்கம் ஜலகாம்பாறை நீர்வீழ்ச்சி. திருப்பத்தூரில் இருந்து சுமார் 14 கிலோ மீட்டர். மலை மேல் ஓடி வரும் அட்டாறுதான் இங்கே அருவியாக விழுகிறது. ஏமாறுவது இங்கேதான். கீழே வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை கொட்டிக்கொண்டு இருக்கும். குளித்துக்கொண்டு இருக்கும்போதே தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறினால், இலையும் குச்சியும் அடித்து வந்தால், சோப்பு டப்பாவை கூட தேடாமல் கரை ஏறி விட வேண்டும். அருவிக்கு மேலே பாறையில் ஏறி நின்று போட்டோ எடுப்பது தற்கொலைக்கு சமம், பாசி பிடித்த பாறையில் எந்த ஷூவும் நிற்காது. ஷூ தைக்கிற ஊர்க்காரர்களுக்கு இதை சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ஜவ்வாது மலை

ஆலங்காயம் தாண்டினால் ஜவ்வாது மலை. வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று 3 மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் அருகே பீமன் நீர்வீழ்ச்சி இருக்கிறது. வழியில் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986-ம் ஆண்டு பிரதமர் ராஜீவ்காந்தி தொடங்கி வைத்தார். பொதுமக்கள் பார்க்க சனிக்கிழமைதான் தோது. வேலூர்க்காரர்கள் 25 கிலோ மீட்டரில் உள்ள அமிர்தி காட்டுக்கு போகலாம், சின்ன மிருகக்காட்சி சாலையும் உண்டு.

பஸ் காசு கூட செலவில்லாமல் வேலூர் டவுனிலேயே மலை ஏற ஆசைப்படுகிறவர்களுக்கு கோட்டைக்கு கிழக்கே சஜ்ஜாராவ், குஜ்ஜாராவ் மலைகள். சிவாஜியின் மராட்டிய படை 1677-78-ல் வேலூர் கோட்டையை முற்றுகையிட்ட காலத்தோடு சேர்ந்தவை. இடிந்த மதில்கள் இன்னும் நிற்கின்றன. நிழலே கிடையாது. வேலூர் வெயில் பற்றி சொல்லவே வேண்டாம், காலை 9 மணிக்குள் இறங்கி விட வேண்டும்.

பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் ஆந்திர எல்லைக் காட்டில் யானைகள் உண்டு. கவுண்டன்யா சரணாலயத்தில் இருந்து இந்த பக்கமும் வந்து போகும். அங்கே தனியாக பைக்கில் இரவில் போவது வீரம் அல்ல.

அடிபட்டால் என்ன கிடைக்கும்?

இ.எஸ்.ஐ. கார்டு உள்ள தொழிலாளர்கள் ஒன்றை தெரிந்துகொள்ள வேண்டும். கம்பெனி வேலையில் அடிபட்டு படுத்தால் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மலையில் விழுந்து கால் உடைந்தால் அது வேலை விபத்து கணக்கில் வராது. நோய்க்கால உதவி மட்டும்தான், 70 சதவீதம், அதுவும் ஆண்டுக்கு 91 நாள் வரை. சந்தா ஒழுங்காக கட்டப்பட்டு இருக்க வேண்டும். சிகிச்சை கார்டில் கிடைக்கும். கார்டு இல்லாமல் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்கிறவருக்கு அதுவும் இல்லை.

அவசரத்துக்கு 108. மலையில் பல இடத்தில் செல்போன் டவர் கிடைக்காது என்பதால், எந்த பக்கம் போகிறோம், எத்தனை மணிக்கு திரும்புவோம் என்று அடிவாரத்து டீக்கடையிலாவது சொல்லி விட்டு ஏறுங்கள்.